உச்சிக்கு ஏறியவனும் கயிறு பிடித்தவனும்

கொஸ்லந்தைக் கடைத்தெருவில் நின்று பார்த்தால் கடல் தெரியாது. பேரகலையிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் பாதையின் இரு பக்கமும் மலையும் தேயிலையும்தான். கொஞ்சம் கீழே போனால் 220 மீட்டர் உயரத்திலிருந்து தியலும அருவி விழுகிறது. கப்பலுக்கும் இந்த ஊருக்கும் என்ன தொடர்பு என்று யாரும் கேட்கலாம். ஆனால் ஊவாவின் கிராமத்துச் சிங்கள முதியவர் ஒருவர் கடைக்கார முஸ்லிம் நானாவைப் பற்றிக் கதைக்கும்போது "மரக்கல" என்ற சொல் இயல்பாக வந்துவிழும். சிலவேளை அது வெறும் அடையாளமாக வரும், சிலவேளை குத்தலாக வரும். மரக்கலம் என்பது தமிழ்ச் சொல். மரத்தால் ஆன கலம், அதாவது கப்பல். கடலைக் காணாத மலையூரில் நம்மைக் கப்பலின் பெயரால் அழைக்கிறார்கள்.

இந்தப் பெயரை நமது வரலாற்று நூல்கள் பெருமையோடு எடுத்துச் சொல்லியிருக்கின்றன. மரக்கலத்திலிருந்து மரைக்காயர், மரிக்கார் என்ற பெயர்கள் வந்தன என்பர் ஒரு சாரார். கப்பலைக் குறிக்கும் 'மர்கப்' என்ற அறபுச் சொல்லிலிருந்து வந்தன என்பர் மறு சாரார். எப்படி இருந்தாலும் அந்த நூல்களில் வருபவர்கள் கப்பல் சொந்தக்காரர்கள். கீழக்கரைச் செல்வந்தர் சீதக்காதி வருகிறார், போர்த்துக்கேயரை எதிர்த்த குஞ்ஞாலி மரைக்கார்கள் வருகிறார்கள். பாய்மரத்தின் உச்சியில் கப்பி இறுகிக்கொண்டபோது, நடுக்கடலில் கயிறு அறுந்தபோது, மேலே ஏறிப்போன கலாசி மட்டும் வருவதில்லை. அவர் எப்படி ஏறினார், எப்படி உயிரோடு இறங்கினார் என்பதைக் கேட்டால், நமது பெயரின் உள்ளே இருக்கிற தொழில் கொஞ்சம் வெளியே வரும்.

கடலிலிருந்து மலைக்கு

கப்பலின் பெயர் மலைக்கு வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1505இல் போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்தபின் கடல் வாணிபத்தில் முஸ்லிம்களின் கை தளர்ந்தது. 1626இல் தங்கள் ஆட்சிக்குட்பட்ட கரையோரத்திலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றுமாறு அவர்கள் உத்தரவிட்டார்கள். கண்டி மன்னன் செனரத் அடைக்கலம் கொடுத்து, ஏறத்தாழ 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். கண்டி இராச்சியத்தின் உட்பகுதிகளில் முஸ்லிம்கள் தவளத் தொழிலில் இறங்கினார்கள். உப்பு, கருவாடு, துணி மேலே போகும். பாக்கும் மிளகும் கீழே வரும். பொதிமாடுகளின் முதுகில் சாமான் ஏற்றி மலைப்பாதைகளில் போய்வந்த இந்தப் போக்குவரத்து, அரசனின் 'மடிகே' பிரிவுக்குள் அடங்கியிருந்தது.

ஊவாவில் அந்தத் தொழில் எவ்வளவு முக்கியமாக இருந்தது என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 1817இல் வெல்லஸ்ஸ முஸ்லிம்களுக்குத் தனி முஹந்திரமாக ஹஜ்ஜி மரிக்கார் என்பவரை ஆங்கிலேயர் நியமித்தார்கள். கண்டியப் பிரதானிகளின் அதிகாரம் இதனால் குறைந்தது. அதனால் எழுந்த கோபம் 1817–18 ஊவாக் கிளர்ச்சியின் காரணங்களில் ஒன்றாக எண்ணப்படுகிறது. ஹஜ்ஜி மரிக்கார் கிளர்ச்சிக்காரர் கையில் சிக்கி உயிரிழந்தார். மாட்டுத் தவளத்தின் தலைவராக மலையில் வாழ்ந்த மனிதரின் பெயரிலும் கப்பல் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது.

சொல்லில் மிஞ்சியவை

கப்பல் தொழிலின் ஞாபகம் பெரும்பாலும் சொற்களில்தான் மிஞ்சியிருக்கிறது. சங்க இலக்கியத்தில் பாய்மரத்துக்குக் 'கூம்பு' என்று பெயர். பிற்காலத்தில் அறபுக் கடலோடிகளின் சொற்கள் தமிழோடு கலந்தன. வழிகாட்டிக் கப்பல் செலுத்துபவர் அறபில் 'முஅல்லிம்'. அதுவே தமிழில் 'மாலுமி' ஆயிற்று. மதரஸாவில் ஓதிக்கொடுப்பவருக்கும் கடலில் வழி சொல்பவருக்கும் மூலச்சொல் ஒன்றுதான். 'சுக்கான்' அறபு. கப்பல் தலைவனைக் குறிக்கும் 'நகுதா' பாரசீக வழி வந்தது. பாயின் கீழ்முனையை இழுத்துப் பிடிக்கும் 'தாமான்' கயிறும் அப்படியே. பாரத்தை இறக்கச் சொல்லித் துறைமுகத் தொழிலாளர் கத்துகிற 'அரியா' போர்த்துக்கேயச் சொல். நம்மைக் கரையிலிருந்து துரத்தியவர்களின் சொல்லையும் கயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டோம்.

பாய்மரத்தின் அமைப்பை இங்கே ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. கப்பலின் அடிக்கட்டையில் ஊன்றி நிமிர்ந்து நிற்பது பாய்மரம். அதன் குறுக்கே தொங்கும் நீண்ட கழி பருமல். பாய் அந்தப் பருமலில் கட்டப்பட்டிருக்கும். மர உச்சியிலுள்ள கப்பியின் ஊடாக ஓடும் தூக்குக்கயிற்றைத் தளத்திலிருந்து இழுத்தால் பருமலும் பாயும் மேலே போகும். மரம் சாயாமல் இருக்க உச்சியிலிருந்து இரு விளிம்புகளுக்கும் தாங்குகயிறுகள் இறுக்கிக் கட்டப்பட்டிருக்கும். கப்பி உடைந்தாலோ, தூக்குக்கயிறு தேய்ந்து அறுந்தாலோ, தாங்குகயிற்றின் தலைக்கட்டு தளர்ந்தாலோ ஒருவர் மேலே போயே ஆகவேண்டும். மற்ற எல்லா வேலையையும் தளத்தில் வைத்துச் செய்யலாம்.

இதுதான் பழைய கடலோடிகளின் முதல் பாதுகாப்பு. ஏறாமல் முடிக்கக்கூடிய வேலைக்கு ஏறக்கூடாது. அறபுக் கலங்களின் முக்கோணப் பாய் இந்த விடயத்தில் கெட்டித்தனமான ஏற்பாடு. பாய் கிழிந்தால், பருமலில் வெடிப்பு வந்தால், தூக்குக்கயிற்றைத் தளர்த்தி முழுவதையும் கீழே இறக்கிவிடலாம். காற்று வலுக்கும்போது பெரிய பாயை இறக்கிச் சின்னப் பாயைக் கட்டி மறுபடி ஏற்றுவதும் அப்படித்தான். ஐரோப்பியரின் சதுரப்பாய்க் கப்பல்களில் பாயைச் சுருட்டுவதற்கே ஆட்கள் மேலே போகவேண்டியிருந்தது. புயலடிக்கும் இரவிலும் போகவேண்டியிருந்தது.

ஏறும் வழிகள்

ஏறவேண்டி வந்தபோது மூன்று வழிகள் இருந்தன.

முதலாவது, வெறுங்காலால் மரத்தையும் கயிற்றையும் பற்றி ஏறுவது. தென்னையிலும் பனையிலும் ஏறுகிறவர்கள் காலில் தளைநார் போட்டுக்கொள்வதை நாம் பார்த்திருக்கிறோம். இரண்டு பாதங்களும் மரத்தைக் கவ்வும், உடம்பின் பாரம் கையை விட்டுக் காலுக்கு வரும். பாய்மரத்தில் ஏறுகிறவருக்கும் இதே கணக்குத்தான். கை பிடித்துக்கொள்ளவேண்டும், பாரத்தைக் கால் சுமக்கவேண்டும். கையால் மட்டும் தொங்கி ஏறுகிறவர் உச்சிக்குப் போகும்போதே களைத்துவிடுவார். வேலை உச்சியில்தான் இருக்கிறது என்பதை மறந்துவிடக்கூடாது.

இரண்டாவது, நூலேணி. தாங்குகயிறுகளுக்குக் குறுக்கே சின்னக் கயிறுகளைப் படிபோலக் கட்டுவார்கள். பருமலுக்குக் கீழே நீளவாக்கில் ஒரு கயிறு தொங்கும், அதில் நின்றபடி பாயைச் சுருட்டவேண்டும். இந்தக் கயிற்றுநடையை விளங்கிக்கொள்ளக் கப்பலுக்குப் போகத் தேவையில்லை. களுத்துறை, பேருவளைப் பக்கம் தென்னங்கள் இறக்குகிறவர்கள் மரத்துக்கு மரம் கட்டிய இரட்டைக் கயிற்றில் நடப்பதைக் காலிப் பாதையில் போனவர்கள் கண்டிருப்பார்கள். கீழ்க்கயிறு காலுக்கு, மேல்கயிறு கைக்கு. தேங்காய் நார்க் கயிறுதான் அங்கேயும் இங்கேயும் ஆதாரம். நார்க்கயிறு உப்புத் தண்ணீருக்கு இலகுவில் இற்றுப்போகாது, பாரம் வந்தால் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். நமது 'கயிறு' என்ற சொல்லே ஆங்கிலத்துக்குப் போய்த் தென்னை நாரின் பெயராக நிலைத்துவிட்டது.

வல்வெட்டித்துறையில் கட்டிய பெரிய கப்பல்களில் இந்த ஐரோப்பிய முறை படிந்திருந்தது. 1930இல் அங்கே கட்டப்பட்ட அன்னபூரணியை அமெரிக்கரான ராபின்சன் வாங்கினார். 'புளோரன்ஸ் சி. ராபின்சன்' என்று பெயர் மாறிய அந்த இரட்டைப் பாய்மரக் கப்பல் 1938 ஓகஸ்டில் மசாசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறையை அடைந்தது. கப்பலில் வல்வெட்டித்துறைக் கடலோடிகளும் இருந்தார்கள். செங்கடல், மத்தியதரைக் கடல், அத்திலாந்திக் என்று அத்தனை கடலையும் தாண்டிய அந்தப் பயணத்தைப் பாய்மரமும் கயிறும் தெரிந்த கைகள் இல்லாமல் முடித்திருக்க முடியாது.

மூன்றாவது வழி, பலகை இருக்கை. ஊஞ்சற்பலகை மாதிரி ஒரு துண்டுப் பலகையில் ஆள் உட்காருவார். உச்சிக் கப்பியின் ஊடாக ஓடும் கயிற்றால் கீழே நிற்பவர்கள் அவரை இழுத்து உயர்த்துவார்கள். மேலே போனதும் இரண்டு கையும் வேலைக்கு மிச்சம். பாய்ப்படகு வைத்திருப்பவர்கள் இன்றைக்கும் பயன்படுத்துவது இந்த முறையைத்தான். பலகைக்குப் பதிலாக இடுப்பையும் தொடையையும் அணைக்கும் வார்ப்பட்டி வந்திருக்கிறது. நார்க்கயிற்றின் இடத்தை நைலோனும் பொலியெஸ்டரும் எடுத்துக்கொண்டன.

உச்சியில் நடப்பது

தளத்தில் நிற்பவருக்குச் சின்ன ஆட்டமாகத் தெரிவது உச்சியில் பெரிய வீச்சாகும். கப்பல் ஒவ்வொரு பக்கமும் 15 பாகை சாய்கிறது என்று வைப்போம். 20 மீட்டர் உயரத்தில் இருக்கிறவர் ஒரு பக்கத்துக்கு 5 மீட்டர், இரண்டு பக்கமும் சேர்த்து 10 மீட்டர் வீசப்படுவார். கயிற்றில் தொங்குகிறவர் மரத்தை விட்டு விலகினால் அடுத்த வீச்சில் அதே மரத்தில் வந்து மோதுவார். விழுந்து செத்தவர்களைப் போலவே மரத்தில் அடிபட்டவர்களும் உண்டு. அதனாலேயே ஏறுகிறவரை மரத்தோடு அணைத்து இன்னொரு கயிறு போடுவார்கள். சின்னப் படகென்றால் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. உச்சியில் ஓர் ஆளின் பாரம் ஏறினாலே படகின் சாய்வு கூடிவிடும்.

ஏறுவதற்கு முந்திய ஒழுங்கு இப்படி இருக்கும். முடிந்தவரை துறைக்குள் வந்து, காற்று ஓய்ந்த நேரம் பார்க்கவேண்டும். சோளகமும் வாடையும் மாறுகிற இடைக்காலத்தில், விடியற்காலை அமைதியில் செய்கிற வேலையை மத்தியானக் காற்றில் செய்யக்கூடாது. ஏற்றப்போகும் கயிற்றை முழு நீளமும் கையால் தடவிப் பார்க்கவேண்டும். கண்ணுக்குத் தப்புகிற தேய்வு விரலுக்குத் தப்பாது. இருக்கையைக் கொளுவியில் மாட்டிவிட்டுப் போகாமல், இழுத்தாலும் இறுகாத கண்ணி முடிச்சுப் போட்டுக் கட்டவேண்டும். தரையிலிருந்து ஒரு முழம் உயர்ந்ததும் நிறுத்தி, உடம்பை உலுப்பிப் பார்க்கவேண்டும். அறுகிறது அங்கே அறட்டும். இரண்டாவது கயிறு ஒன்று, வேறொரு கப்பியின் வழியாக, வேறொருவர் கையில் இருக்கவேண்டும். ஒன்று போனாலும் மற்றது தாங்கும். கத்தி, சுத்தியல் எல்லாவற்றுக்கும் வால்கயிறு கட்டியிருக்கவேண்டும். உச்சியிலிருந்து நழுவும் ஒரு சுத்தியல் கீழே நிற்பவரின் மண்டையைப் பிளக்கும். அதனால் பாய்மரத்தின் நேர் கீழே யாரும் நிற்கக்கூடாது.

இவ்வளவையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகும். ஏறுகிறவர் கையில் இருப்பது கொஞ்சந்தான். கயிற்றைப் பிடிக்கிறவர் தளத்திலுள்ள கட்டையில் அதைச் சுற்றிப் பிடிப்பார். ஒரு சுற்றிலேயே பிடிமானம் பல மடங்கு கூடும். மூன்று சுற்றில் ஒருவர் இன்னொருவரின் முழுப் பாரத்தையும் ஒற்றைக் கையால் தாங்கலாம். ஆனால் அந்தச் சுற்றை அவிழ்த்துவிட்டு "பீடி பத்திட்டு வாறன்" எண்டு போக முடியாது. மேலே இருக்கிறவர் "அரியா" என்று சொல்லும்வரை கண்ணை எடுக்கவும் முடியாது. "மேலே ஏறினவன் கெட்டிக்காரன்" எண்டு ஊர் சொல்லும். கயிறு பிடிச்சவன ஆரும் சொல்றதில்ல. நமது மரபில் இதற்கு அமானிதம் என்று பெயர். ஒருவரின் உயிர் இன்னொருவர் கையில் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது.

1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதாவின் பயணக்குறிப்பில் உயரமும் பயமும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. புத்தளத்தில் இறங்கிய அவர் ஆதம் மலைக்குப் போனார். பாறையில் பொருத்தியிருந்த பத்து இரும்புச் சங்கிலிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். பத்தாவது சங்கிலிக்கு ஷஹாதா சங்கிலி என்று பெயராம். அதில் நின்று கீழே பார்ப்பவர் தலைசுற்றி, விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் கலிமாவை மொழிவதால் வந்த பெயர். அவரைத் தாங்கியது யாரோ முன்னர் ஏறி அடித்துவைத்த சங்கிலி. திரும்பும் வழியில் மஅபர் கரைக்குப் போகும்போது அவருடைய கப்பல் புயலில் சிக்கியது. தேர்ந்த மாலுமி கப்பலில் இருக்கவில்லை என்று குறைப்படுகிறார். கப்பல் தரைதட்டியது, பாய்மரத்தை வெட்டிக் கடலில் தள்ளினார்கள், கலாசிகள் பலகைகளால் தெப்பம் கட்டினார்கள். சங்கிலி அடித்தவரின் பெயரும் தெப்பம் கட்டியவர்களின் பெயரும் அந்தப் பெரிய நூலில் கிடையாது.

தேயிலையும் ஷம்ரொக்கும்

கொஸ்லந்தையை நோக்கியிருக்கும் மலைத்தொடரில், பூனாகலைக்கும் அப்புத்தளைக்கும் இடையில், 'லிப்டன் சீட்' என்ற உச்சி இருக்கிறது. 1890இல் தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கிய தோமஸ் லிப்டன் அங்கேயிருந்து தன் தேயிலையைப் பார்த்தார் என்பார்கள். அதே லிப்டனுக்குப் பாய்க்கப்பல் பந்தயத்தில் தீராத மோகம். அமெரிக்கக் கிண்ணத்துக்காக 1899, 1901, 1903, 1920, 1930 என்று ஐந்து தடவை போட்டியிட்டார். ஐந்திலும் தோற்றார். அவருடைய கப்பல்கள் எல்லாவற்றுக்கும் ஷம்ரொக் என்றே பெயர். ஊவாக் கொழுந்தின் காசும் அந்த உயர்ந்த பாய்மரங்களுக்குள் போயிருக்கும்.

அந்தப் பாய்மரங்கள் எப்போதும் நிற்கவில்லை. 1901 மே மாதம் ஏழாம் எட்வர்ட் மன்னர் கப்பலில் இருந்தபோதே இரண்டாவது ஷம்ரொக்கின் பாய்மரம் முறிந்து விழுந்தது. மன்னர் காயமில்லாமல் தப்பினார். 1903 ஏப்ரலில் மூன்றாவது ஷம்ரொக்கின் பாய்மரம் முறிந்தது. அதில் மாலுமி ஒருவர் கடலில் விழுந்து உயிரிழந்தார். இப்படிப்பட்ட பந்தயக் கப்பல்களில் பாய்மர உச்சிக்கு ஏறுவதற்கென்றே தனி ஆட்கள் சம்பளத்துக்கு வைக்கப்பட்டிருந்தார்கள். லிப்டனின் பெயர் தேயிலைப் பெட்டியில் இருக்கிறது, மலை உச்சியில் இருக்கிறது. உச்சிக்கு ஏறிய அந்தக் கூலிக் கடலோடிகளின் பெயரைத் தேடித்தான் பிடிக்கவேண்டும்.

கொழுந்து பறித்தவர்களின் கதையும் கடலில்தான் தொடங்குகிறது. தமிழகக் கரையிலிருந்து தோணியிலும் பின்னர் நீராவிக் கப்பலிலும் வந்து இறங்கி, மன்னாரிலிருந்து மாத்தளைவரை காட்டுப்பாதையில் நடந்து மலைக்கு வந்தார்கள். வழியில் மடிந்தவர்கள் எத்தனையோ பேர். தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பற்சேவை 1914இல் தொடங்கியது. பதுளைக்கு ரயில் 1924இல்தான் வந்தது. அவர்கள் சாப்பிட்ட அரிசியும் கடல்வழியாகவே வந்தது. அதைத் தோட்டத்துக் கடைகளில் விற்றவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள். நமது கடைக் கணக்குப் புத்தகத்துக்கும் அவர்களின் லயத்து அடுப்புக்கும் நடுவில் ஒரு பாய்மரம் நின்றது.

2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்தச் சரிவில் ஆபத்து இருக்கிறது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் முன்பே எச்சரித்திருந்தது. உயரத்தில் ஆட்களை வைத்தால் கீழே கயிறு ஒருவர் கையில் இருக்கவேண்டும் என்பது கடலுக்கு மட்டும் பொருந்துகிற விதி அல்ல. எச்சரிக்கைத் தாள் இருந்தது, கயிற்றைப் பிடித்த கை இருக்கவில்லை.

இனிச் செய்யவேண்டியது

நமது கரையோர ஊர்களில் பாய்க்கப்பல் ஓட்டிய தலைமுறை அநேகமாக முடிந்துவிட்டது. ஆனாலும் பேருவளை, கற்பிட்டி, மூதூர், கிண்ணியா, காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில், வாப்பாவோ மூத்தவாப்பாவோ தோணியில் போனதைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கப்பல் யாருடையது என்று கேட்பதோடு நிறுத்தாமல், யார் மேலே ஏறினார், யார் கயிறு பிடித்தார், எந்த முடிச்சுப் போட்டார்கள், ஏறும்போது என்ன சொல்லிக் குரல் கொடுத்தார்கள் என்று கேட்டு எழுதிவைக்கவேண்டும். கலாசிகள் எல்லோரும் முஸ்லிம்களாகவும் இருக்கவில்லை. பரதவரும் கரையாரும் பட்டினவரும் ஒரே கயிற்றில் கை வைத்தார்கள். அந்தப் பெயர்களையும் சேர்த்தே எழுதவேண்டும்.

ஊவாவில் யாராவது நம்மை "மரக்கல" என்று குத்தலாகச் சொன்னால், சீதக்காதியின் செல்வத்தைச் சொல்லிப் பதில் கொடுப்பது இலகு. அதைவிட, மரக்கலம் என்றால் ஒருவர் மேலே ஏற, அவர் இறங்கி வரும்வரை இன்னொருவர் கயிற்றை விடாமல் நின்ற இடம் என்று சொல்லலாம். அந்தப் பதிலைச் சொல்வதற்கு நம்மிடம் பெயர்கள் வேண்டும். ஊருக்கு ஒரு கொப்பி போதும், தொடங்கலாம்.